தோட்டத்தை அளக்கும் கருவிகள்



தோட்டத்துக் குடும்பங்களுக்கு அளவு என்பது புதிய விஷயமல்ல. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவது ஓர் அளவு. பாலை நிறுப்பது, குலையை எண்ணுவது, ஆபீசுக்கு முன்னால் நிற்கும் மழைமானியில் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பது, இவையெல்லாம் அளவுகளே. நம் பாட்டன் பாட்டிமார் வாழ்நாள் முழுவதும் தங்கள் உழைப்பைப் பிறர் அளக்கக் கண்டவர்கள். ஆனால் அந்த அளவு எப்படி வந்தது, அது சரிதானா என்று பார்த்தறியும் வாய்ப்பு அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை.

இப்போது தோட்டங்களுக்குப் புதிய கருவிகள் வந்திருக்கின்றன. மண்ணில் குத்தி வைத்தால் ஈரத்தைச் சொல்லும் கருவி, கால்வாய் நீரின் மட்டத்தை இரவும் பகலும் கவனிக்கும் கருவி, வெட்டிய குலையைப் பதிந்துகொள்ளும் கைப்பேசி, மரங்களுக்கு மேலே பறந்து படமெடுக்கும் ஆளில்லா வானூர்தி எனப் பல வகை. இவற்றில் அளக்கும் உறுப்பைச் 'சென்சார்' என்கிறார்கள். தமிழில் உணர்கருவி எனலாம். இவை எப்படி வேலை செய்கின்றன, எதற்குப் பயன்படுகின்றன, உழைக்கும் குடும்பங்கள் இவற்றைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் நமக்குப் பழக்கமான ஒரு கருவியிலிருந்து தொடங்கலாம். பால்மரம் வெட்டியவர்களுக்கு 'மெட்ரோலாக்' நினைவிருக்கும். அடியில் குண்டும், மேலே கோடுகள் இட்ட மெல்லிய தண்டும் கொண்ட மிதவைக் கருவி அது. பால் நிறுக்கும் இடத்தில் சிறிது பாலை எடுத்து, அளவாகத் தண்ணீர் கலந்து, அதில் இதை மிதக்க விடுவார்கள். தண்டில் எந்தக் கோடு வரை பால் நிற்கிறது என்று பார்த்து ஓர் எண்ணைச் சொல்வார்கள். கிராணியார் அதை எழுதிக்கொள்வார். அந்த எண்ணை வைத்துத்தான் அன்று ஒருவர் கொண்டுவந்த பாலில் எவ்வளவு ரப்பர் என்று கணக்கிடுவார்கள்.

இந்த எண் எதற்கு? மரத்திலிருந்து வடியும் பாலில் பெரும்பகுதி தண்ணீர். நூறு பங்கு பாலில் ரப்பர் ஏறத்தாழ 30 முதல் 40 பங்கு வரைதான் இருக்கும். மரத்தின் வகை, வயது, பருவம் ஆகியவற்றுக்கு ஏற்ப அது கூடும், குறையும். ஆலைக்கு வேண்டியது ரப்பர். ஆகவே பாலின் எடையை மட்டும் பார்த்தால் போதாது. ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. பாலில் ரப்பர் மிகுந்திருந்தால் பால் இலேசாகும். கருவி ஆழமாக அமிழும். தண்ணீர் மிகுந்திருந்தால் கருவி மேலே எழும்பி நிற்கும். இவ்வளவுதான் அதன் இரகசியம்.

இரகசியம் எளிதாக இருந்தாலும் பிசகும் எளிதாக வரும். பாலின் சூடு மாறினால் எண் மாறும். நுரை மண்டியிருந்தால் கோட்டைச் சரியாகப் பார்க்க முடியாது. கலந்த தண்ணீரின் அளவு தவறினாலும் கணக்குத் தவறும். கருவியின் தத்துவம் தெரிந்தவர், "நுரையை வழித்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள், ஐயா" என்று மரியாதையாகக் கேட்கலாம். தெரியாதவர் சொன்ன எண்ணைக் கேட்டுக்கொண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான். புதிய கருவிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். கருவிகள் மாறினாலும், அவற்றின் எண்ணைப் படிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வேற்றுமை அப்படியேதான் இருக்கிறது.

ஓர் உணர்கருவி மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலாவது, சூடு, ஈரம், நீர்மட்டம் போன்ற ஏதோ ஒன்றை உணர்வது. இரண்டாவது, உணர்ந்ததை மின்சாரக் குறிப்பாக மாற்றுவது. மூன்றாவது, அந்தக் குறிப்பை எண்ணாக எழுதி வைப்பது அல்லது கைப்பேசிக்கோ கணினிக்கோ அனுப்புவது. மெட்ரோலாக் முதல் வேலையை மட்டும் செய்தது. மற்ற இரண்டையும் மனிதரின் கண்ணும் கிராணியாரின் பேனாவும் செய்தன. இன்றைய கருவி மூன்றையும் தானே செய்துவிடுகிறது.

மழையை அளக்கும் கருவியைப் பாருங்கள். தோட்டத்து ஆபீசில் இருந்த பழைய மழைமானி ஒரு புனலும் ஒரு குடுவையும்தான். காலையில் ஒருவர் போய்க் குடுவையிலுள்ள நீரை அளந்து எழுதுவார். புதிய மழைமானியில் புனலுக்கு அடியில் இரண்டு சிறு கிண்ணங்கள், குழந்தைகள் ஆடும் ஏற்றப் பலகையைப்போல் ஒன்றுக்கொன்று எதிராக இருக்கும். ஒரு கிண்ணம் நிறைந்ததும் சாய்ந்து நீரைக் கொட்டிவிடும். மற்றது மேலே வரும். சாயும் ஒவ்வொரு முறையும் ஒரு மின்குறிப்பு பதிவாகும். ஒரு சாய்வுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று முன்பே கணக்கிட்டிருப்பதால், மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது வலுத்தது, எப்போது ஓய்ந்தது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் என்ன? ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் விழுந்தது என்று பொருள். ஒரு ஹெக்டர் என்பது 10,000 சதுர மீட்டர். ஆகவே 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு ஹெக்டரில் ஓர் இலட்சம் லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் வானொலியில் மழை அளவைக் கேட்கும்போது அது வெறும் எண்ணாகத் தோன்றாது.

பால்மரத்துக்கும் மழைக்கும் உள்ள உறவைத் தோட்டத்து மக்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து மரமெல்லாம் பரவி வீணாகும். வெட்டுப் பட்டையில் ஈரம் தங்கினால் பூஞ்சை நோயும் வரும். வெட்டி முடித்து மங்கில் பால் சேரும் நேரத்தில் மழை கொட்டினால் அன்றைய உழைப்பே தண்ணீரோடு போய்விடும். இன்று மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் 'மைச்சுவாச்சா' என்ற கைப்பேசிச் செயலியில் வானிலை முன்னறிவிப்பைப் பார்க்கலாம். சொந்தமாக இரண்டு மூன்று ஏக்கர் பால்மரம் வைத்திருப்பவர்கள், இருட்டில் எழுந்து புறப்படுவதற்கு முன் இதை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. முன்னறிவிப்பு எப்போதும் பலித்துவிடாது. ஆயினும் வானத்தை அண்ணாந்து பார்ப்பதோடு இதையும் சேர்த்துப் பார்த்தால் முடிவெடுப்பது எளிதாகும்.

அடுத்து மண்ணின் ஈரம். மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்துப் பார்த்தே ஈரத்தைச் சொல்லும் திறமை நம் பெரியவர்களுக்கு உண்டு. ஆனால் வேர் பரவியிருக்கும் ஆழத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கை அறியாது. அதற்கு ஒரு வகைக் கருவி, இரண்டு மூன்று கம்பி முனைகளை மண்ணுக்குள் செலுத்தி, அந்த மண் மின்னூட்டத்தை எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கிறது. இந்தத் தன்மை காற்றில் 1 என்றால், காய்ந்த மண்ணில் 3 முதல் 5 வரையிலும், தண்ணீரில் ஏறத்தாழ 80 ஆகவும் இருக்கும். ஆகவே மண்ணில் சிறிது தண்ணீர் சேர்ந்தாலும் கருவிக்குத் தெரிந்துவிடும். இன்னொரு வகை, நுண்துளைகளுள்ள சுட்ட களிமண் முனை பொருத்திய குழாய். அதில் நீர் நிரப்பி மண்ணில் நட்டால், காய்ந்த மண் அந்த நீரை உறிஞ்சப் பார்க்கும். அந்த இழுப்பின் வலிமையை மேலே உள்ள முள் காட்டும். மண்ணிலிருந்து நீரைப் பெற வேர் எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பதை இது சொல்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எல்லா மண்ணுக்கும் ஒரே எண் பொருந்தாது. களிமண் நிறைய நீரைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் அதில் ஒரு பகுதியை வேருக்குக் கொடுக்காது. மணல்மண் குறைவாகவே பிடித்திருக்கும். இருப்பதை எளிதில் கொடுத்துவிடும். ஆகவே பக்கத்துத் தோட்டத்தில் சொன்ன எண்ணை நம் நிலத்துக்கு அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது. நம் மண்ணில் நன்றாக மழை பெய்து வடிந்த மறுநாள் என்ன எண், செடி வாடத் தொடங்கும்போது என்ன எண் என்று பார்த்து வைத்துக்கொண்டால், அவ்விரண்டுக்கும் இடையில் நாம் எங்கே நிற்கிறோம் என்று சொல்லலாம்.

கரிமண் நிலத்தில், அதாவது மட்கிய இலைதழைகளும் மரங்களும் சேர்ந்து உண்டான நிலத்தில், நீர்மட்டம் எல்லாவற்றிலும் முக்கியமானது. சரவாக்கிலும், தீபகற்பத்தில் கீழ்ப் பேராக், சிலாங்கூர், ஜொகூரின் மேற்குப் பகுதி ஆகிய இடங்களிலும் இத்தகைய நிலம் உண்டு. இங்கே நிலத்தடி நீரைத் தரைக்குக் கீழே சுமார் 40 முதல் 60 சென்டிமீட்டரில் வைத்திருப்பது செம்பனைக்கு ஏற்றது என்று சொல்லப்படுகிறது. நீர் மேலே ஏறினால் வேர் மூச்சுத் திணறும். கீழே இறங்கினால் கரிமண் காய்ந்து சுருங்கும், நிலம் தாழும், மரம் சாயும். அதைவிட ஆபத்து நெருப்பு. காய்ந்த கரிமண்ணில் தீப்பற்றினால் அது தரைக்கு அடியிலேயே கனன்றுகொண்டு போகும். 1997ஆம் ஆண்டிலும் 2015ஆம் ஆண்டிலும் இந்த வட்டாரத்தைச் சூழ்ந்த புகைமூட்டத்துக்குக் கரிமண் நிலங்களில் எரிந்த நெருப்பு ஒரு பெருங்காரணம். துளையிட்ட குழாயை நிலத்தில் இறக்கி, அதற்குள் நீர்மட்டம் காட்டும் உணர்கருவியை வைத்தால், மட்டம் தாழும்போதே கைப்பேசிக்குச் செய்தி வரும். உடனே கால்வாயின் மதகை அடைத்து நீரைத் தேக்கலாம். அதனால் மரம் மட்டுமல்ல, பக்கத்து லயத்தில் இருக்கும் குழந்தையின் மூச்சும் காப்பாற்றப்படுகிறது.

மழைக் கணக்கும் ஈரக் கணக்கும் தொழிலாளிக்கு எதற்கு, அது தோட்ட நிர்வாகியின் வேலையல்லவா என்று சிலர் கேட்கலாம். இதற்குச் செம்பனை மரமே விடை சொல்கிறது. செம்பனையில் ஒவ்வோர் ஓலையின் கக்கத்திலும் ஒரு பூங்கொத்து உருவாகிறது. அது ஆண்பூவாவதா பெண்பூவாவதா என்பது, குலை வெட்டுவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மரத்துக்குள் முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் மரம் தண்ணீருக்குத் தவித்தால் ஆண்பூக்கள் மிகும். ஆண்பூ குலையாகாது. உருவான பூங்கொத்து இடையில் கருகிப்போவதும் உண்டு. ஆகவே இன்றைய விளைச்சலில் பல மாதங்களுக்கு முன்பும், ஓரிரு ஆண்டுகளுக்கு முன்பும் பெய்த அல்லது பெய்யாத மழையின் தடம் இருக்கிறது.

நாடு முழுமைக்கும் இது நடந்திருக்கிறது. 2015, 2016ஆம் ஆண்டுகளில் எல் நினோ என்ற பருவ மாற்றத்தால் கடும் வறட்சி ஏற்பட்டது. 2015இல் ஏறத்தாழ 2 கோடி டன்னாக இருந்த மலேசியாவின் கச்சாச் செம்பனை எண்ணெய் உற்பத்தி, 2016இல் சுமார் 1 கோடியே 73 இலட்சம் டன்னாகச் சரிந்தது. தோட்டத்துத் தொழிலாளர்கள் எல்லாரும் அந்த ஓராண்டில் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு நிரையில் குலை குறைந்தால், "வெட்டுகிறவர் சரியில்லை" என்று சொல்வது எளிது. கையில் இரண்டு ஆண்டு மழைக் கணக்கு இருந்தால், "அந்த மாதங்களில் மழையே இல்லையே, ஐயா" என்று எடுத்துக்காட்டலாம். நன்றாகப் பராமரித்த கணக்கு, நிர்வாகத்துக்கு விளைச்சலைக் கணிக்க உதவும்; உழைப்பவருக்கு வீண்பழியிலிருந்து தப்ப உதவும்.

இனிக் கைப்பேசிக்கு வருவோம். முன்பு குலைகளை வெட்டி மேடையில் அடுக்கி வைத்தால், மண்டோர் வந்து எண்ணிப் புத்தகத்தில் குறிப்பார். பிறகு அது ஆபீசில் செக்ரோலில் ஏறும். இடையில் ஓர் எண் தவறிப்போனால் கண்டுபிடிப்பது கடினம். இப்போது பல தோட்டங்களில் இந்த வேலையைக் கைப்பேசி செய்கிறது. தொழிலாளியின் எண், நிரை, நல்ல குலை எத்தனை, பழுக்காத குலை எத்தனை, உதிரிப் பழம் எவ்வளவு என்று தொட்டுப் பதிகிறார்கள். சில இடங்களில் படமும் எடுக்கிறார்கள். எந்த இடம், எத்தனை மணி என்பதைக் கைப்பேசி தானே சேர்த்துக்கொள்கிறது. உள்தோட்டத்தில் தொடர்பு கிடைக்காவிட்டால் கைப்பேசி அதைச் சேமித்து வைத்திருந்து, தொடர்பு கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் அனுப்பிவிடும்.

நேரத்தைக் குறிப்பதில் பெரிய நன்மை உண்டு. பழம் அடிபட்டதும் அதிலுள்ள ஒரு நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்குகிறது. அதனால் கொழுப்பு அமிலம் பெருகி எண்ணெயின் தரம் கெடும். கச்சா எண்ணெயில் இந்த அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது வணிகத்தில் உள்ள அளவு. ஆகவே வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பார்கள். எந்த மேடையில் எத்தனை குலை காத்திருக்கின்றன என்பது ஆபீசில் உடனுக்குடன் தெரிந்தால், லாரி முதலில் எங்கே போக வேண்டும் என்பதை முடிவு செய்யலாம். தொழிலாளி வியர்வை சிந்தி வெட்டிய குலை மேடையிலேயே கிடந்து கெடாது.

குலை எங்கே விளைந்தது என்ற கணக்கை இன்று வெளிநாட்டுச் சந்தையும் கேட்கிறது. மலேசியாவில் நீடித்த செம்பனை எண்ணெய்க்கான எம்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் 2020ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கப்பட்டது. காட்டை அழித்த நிலத்தில் விளைந்த பொருளை விற்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய சட்டம், விளைந்த நிலத்தின் இடக்குறிப்பைக் கேட்கிறது. செம்பனை, ரப்பர் இரண்டும் இதில் அடங்கும். ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் சிறு தோட்டக்காரரும் தம் நிலத்தின் எல்லையைக் கைப்பேசியில் குறித்து வைத்திருக்க வேண்டிய காலம் இது.

வானூர்தியிலிருந்து எடுக்கும் படங்களைப் பற்றியும் ஒரு சொல். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பசுமையான இலை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். நலிந்த இலையில் இந்த வேற்றுமை குறைந்துவிடும். இதை அளக்கும் ஒளிப்படக் கருவி, ஆயிரம் மரங்களில் எவை நலிந்திருக்கின்றன என்று வண்ணம் போட்டுக் காட்டும். ஆனால் ஏன் நலிந்தது என்று சொல்லாது. உரம் போதவில்லையா, வேரில் நீர் தேங்கியிருக்கிறதா, அடித்தண்டை அரிக்கும் கானோடெர்மா என்ற பூஞ்சை நோயா என்பதை, ஒருவர் அந்த மரத்தடிக்கு நடந்து சென்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மரத்தின் அடியில் காளான் முளைத்திருப்பதைக் கண்டு சொல்பவர் பெரும்பாலும் தினமும் அங்கே வேலை செய்பவர்தான்.

கருவி பொய் சொல்லாது என்று சிலர் நம்புகிறார்கள். கருவிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது சரி. ஆனால் அது தவறும். மழைமானிப் புனலில் ஒரு காய்ந்த இலை அடைத்துக்கொண்டால், கொட்டும் மழையிலும் அது குறைவாகவே காட்டும். மண்ணில் செருகிய கம்பியைச் சுற்றிச் சிறு இடைவெளி இருந்தால், ஈரமான மண்ணையும் காய்ந்தது என்று சொல்லும். மின்கலம் தீர்ந்தால் பேச்சே இல்லை. கைப்பேசி செயற்கைக்கோளைக் கொண்டு இடத்தைக் குறிக்கிறது. திறந்த வெளியிலேயே அது சில மீட்டர் பிசகும். அடர்ந்த ஓலைக்கு அடியில் இன்னும் பிசகும். செம்பனை மரங்களோ சுமார் 9 மீட்டர் இடைவெளியில் நடப்படுகின்றன. ஆகவே ஒருவருடைய நிரையில் வெட்டிய குலை, பக்கத்து நிரைக்காரர் கணக்கில் ஏறிவிட இடமுண்டு. யாரும் வேண்டுமென்று செய்யாமலே இது நடக்கலாம்.

அப்படியானால் நாம் என்ன செய்வது? முதலில், வீட்டில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நிரை, குலை அல்லது பால் அளவு, மழை பெய்ததா என்று தினமும் ஒரு வரி எழுதினால் போதும். எழுத முடியாத பெரியவர்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். மேடையில் அடுக்கிய குலைகளைச் சொந்தக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைப்பதும் நல்லது. மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் தாமதமின்றி, தேதியைச் சொல்லிக் கேளுங்கள். "போன மாதம் குறைந்துவிட்டது" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "பன்னிரண்டாம் தேதி இத்தனை குலை, கணக்கில் இத்தனைதான் இருக்கிறது" என்று சொன்னால் அதற்கு விடை கிடைக்கும்.

இரண்டாவதாக, ஒரு புதிய கருவி தோட்டத்துக்கு வரும்போது மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இது எதைப் பதிகிறது? பதிந்ததை யார் பார்ப்பார்கள்? தவறிருந்தால் யாரிடம் சொல்லித் திருத்துவது? தொழிலாளி நிற்கும் இடத்தையும் நேரத்தையும் கைப்பேசி பதிவதால் இக்கேள்விகள் அவசியமானவை. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றிச் சேர்த்து வைத்த விவரத்தைப் பார்க்கவும், பிழையைத் திருத்தக் கோரவும் ஒருவருக்கு வழி வகுத்திருக்கிறது. தனியாகக் கேட்கத் தயங்குகிறவர்கள் தொழிற்சங்கத் தலைவர் மூலம் கேட்கலாம். கேட்பது சண்டையல்ல. கணக்குச் சரியாக இருப்பது நிர்வாகத்துக்கும் நல்லதே.

இக்கருவிகள் வந்தால் வேலை போய்விடுமோ என்ற அச்சமும் நியாயமானதே. இதற்கு நம் தோட்டங்களிலேயே ஓர் உதாரணம் உண்டு. முன்பு செம்பனையின் பெண்பூக்களுக்கு மகரந்தத் தூளைக் கையால் தூவும் வேலை இருந்தது. 1981இல் கேமரூன் நாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு வண்டு இங்குள்ள தோட்டங்களில் விடப்பட்டது. அது அந்த வேலையைத் தானே செய்தது. மனிதர் மேற்கொண்ட மகரந்த வேலை இல்லாமற்போயிற்று. ஆகவே எந்த வேலையும் போகாது என்று நாம் வாக்குக் கொடுக்க முடியாது. எண்ணி எழுதும் வேலை குறையும். ஆனால் உயர்ந்த மரத்தில் பழுத்த குலையைப் பார்த்து, ஓலையை விலக்கி, அரிவாளை எட்டிப் போட்டு வெட்டுவது இன்னும் மனிதரின் கண்ணையும் கையையும் நம்பியே இருக்கிறது. அதோடு, உணர்கருவியை நடுவது, துடைப்பது, சரிபார்ப்பது, வானூர்தியை ஓட்டுவது, படத்தைப் படித்து மரத்தடியில் உறுதி செய்வது என்ற புதிய வேலைகளும் வருகின்றன. தோட்டத்தை அறிந்த குடும்பத்துப் பிள்ளை இவற்றைக் கற்றால், பட்டணத்திலிருந்து வருபவரைவிட நன்றாகச் செய்ய முடியும்.

தோட்டத்தை விட்டுத் தாமான்களில் குடியேறிவிட்ட குடும்பங்களுக்கும் இதில் பயனுண்டு. வீட்டுக்குப் பின்னால் பைகளில் தேங்காய் நார்த்தூள் நிரப்பி, உரம் கரைத்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு மிளகாய் பயிரிடும் முறை நம் நாட்டில் பரவியிருக்கிறது. அதில் உரத்தின் அளவை அறிய, பேனா போன்ற ஒரு சிறு கருவியை நீரில் நனைப்பார்கள். தூய நீரில் மின்சாரம் மிகக் குறைவாகவே பாயும். உரம் என்பது உப்பு, உப்பு கரைந்தால் மின்சாரம் நன்றாகப் பாயும். பாயும் அளவைக் கொண்டு உரம் மிகையா குறைவா என்று கருவி சொல்கிறது. பைக்குள் விடும் நீரையும், பைக்கு அடியிலிருந்து வடியும் நீரையும் அளந்து பாருங்கள். வடியும் நீரில் எண் மிகவும் கூடியிருந்தால், பைக்குள் உப்பு தேங்குகிறது என்று பொருள். வெறும் நீர் விட்டு அலச வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொன்னது செடிக்கும் பொருந்தும்.

காசு கொடுத்து எதுவும் வாங்க முடியாதவர்களும் இன்றே ஒன்றைச் செய்யலாம். பக்கங்கள் நேராக உள்ள ஒரு காலி டின்னை, மரமும் கூரையும் மறைக்காத திறந்த இடத்தில் அசையாமல் வையுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் பள்ளி அடிக்கோலை விட்டு, எத்தனை மில்லிமீட்டர் நீர் இருக்கிறது என்று பார்த்து எழுதிவிட்டு, நீரைக் கொட்டிவிடுங்கள். நீரைத் தேங்க விட்டால் கொசு பெருகும். இந்த வேலையை வீட்டுப் பிள்ளையிடம் ஒப்படைத்து, ஓர் ஆண்டு விடாமல் எழுதச் சொல்லுங்கள். அப்பா வெட்டும் நிரையில் குலை கூடுவதும் குறைவதும் ஏன் என்று அந்தப் பிள்ளைக்கு ஒருநாள் அந்த நோட்டே விளக்கும். கருவி எதுவானாலும், அதன் எண்ணைப் படித்து, காரணம் கேட்டு, எழுதி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் வேரூன்ற வேண்டும்.